வாய்க்கால் வாயில் ஒரு சாக்கு

மழை விட்டும் வீட்டுக்குள் தண்ணீர் வடியவில்லை. உம்மே ஹானி வாளியால் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றினாள். ஊற்றியதெல்லாம் மெதுவாக உள்ளே திரும்பி வந்தது.

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய வருஷம் அது. மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அவர்கள் சந்தில், கோடை முழுக்கப் பள்ளம் தோண்டி மாநகராட்சி புது மழைநீர் வாய்க்கால் கட்டியிருந்தது. இனிமேல் தண்ணீர் நிற்காது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அம்மா கமர் ஜஹான் தையல் மெஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் கண்ணே மூடவில்லை.

"போதும் ஹானி. கொஞ்சம் உக்காரு."

"எங்கம்மா உக்கார்றது? கட்டில்ல மெஷின்தான உக்காந்துக்கினு கீது."

அம்மாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

பக்கத்திலேயே வாய்க்கால் இருந்தும் தண்ணீர் ஏன் அதற்குள் போகவில்லை? ஹானி ஒட்டடைக் கொம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தண்ணீர் இறங்குவதற்காக வாய்க்கால் சுவரில் விட்டிருந்த ஓட்டையைத் தேடித் தட்டிக்கொண்டே போனாள். எதிர்வீட்டு வாசலில் கொம்பு மெத்தென்று எதிலோ முட்டியது. ஒரு சாக்கு.

"அதை எடுக்காதேம்மா."

ஜன்னலில் சுப்பராமன் மாமா நின்றிருந்தார். அந்த வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

"நீங்களா மாமா அடைச்சீங்க? எங்க வீடு பூரா தண்ணி."

ஹானி கோபத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் மாமாவின் கண்களும் அம்மாவின் கண்களைப் போலவே சிவந்திருந்தன.

"பெருச்சாளிம்மா. அந்த ஓட்டை வழியா ஏறி ஆத்துக்குள்ள வந்துடறது. அன்னிக்கு என் தலகாணியில ஒண்ணு படுத்துண்டிருந்தது. அதுலேர்ந்து நான் நாற்காலியிலதான் ஒக்காந்துண்டிருக்கேன்."

சாக்கைப் பிடுங்கிப் போடலாம். ராத்திரியே மறுபடி சொருகிவிடுவார். ஹானி யோசித்தாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, கோழிக்கூண்டுக் கதவைக் கழட்டிக்கட்டுமா?"

"கழட்டிக்கோ. கோழியே இல்லாத கூண்டுக்குக் கதவு எதுக்கு?"

கம்பி வலை அடித்த கதவு அது. வலையைப் பிரித்து மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இத வெச்சா தண்ணி போவும். பெருச்சாளி வராது மாமா."

மாமா வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இலை வந்து அடைச்சுக்குமே?"

"அப்பப்ப தள்ளிவுடணும்."

"அதுக்கென்ன, நான்தான் முழிச்சுண்டே இருக்கேனே," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

இருவரும் சேர்ந்து இழுத்ததும் சாக்கு பிய்த்துக்கொண்டு வந்தது. மாமா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து, வலையின் ஓரங்களை மடித்து ஓட்டைக்குள் இறுகச் செருகினார். தெருத் தண்ணீர் ஒரு சுழி சுழித்து உள்ளே இறங்கியது. சாயங்காலம் ஹானியின் வீட்டில் தரை தெரிந்தது. சேற்றைக் கழுவ மாமாவே பினாயில் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் மறுபடி மழை கொட்டியது. ஹானி வாசலுக்கு ஓடினாள். சந்தில் தண்ணீர் நிற்கவில்லை. வலையில் ஒட்டியிருந்த இரண்டு வாதாம் இலைகளைத் தள்ளிவிட்டு, அம்மாவிடம் சொல்ல உள்ளே வந்தாள்.

அம்மா காய்ந்த தரையில் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹானி எழுப்பவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு, தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.