பொடிசு வாய் திறந்த நாள்

கண்ணாடிக் கடையை நடுவில் பலகை வைத்து அடைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பலகைக்கு இந்தப் பக்கம் பொடிசின் அப்பா. அந்தப் பக்கம் பெரியப்பா. கூடப்பிறந்த அண்ணன் தம்பி இருவரும் பேச்சை நிறுத்தியும் அதே ஒரு வருஷம்தான்.

கடைக்கு மேலே வீடு. அங்கேயும் நடுவில் பலகை. பெரியவர்கள் சண்டை போட்டால் அரைகுறையாகப் போடுவதில்லை.

பொடிசுக்கு ஒன்பது வயது. வயதுக்கேற்ற உயரம் இல்லாததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரியப்பாவின் மகளுக்குப் பதின்மூன்று. அவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். பொடிசுக்கு மட்டும் அவள் அக்கா.

பலகை வருவதற்கு முன்பு இருவருக்கும் ஒரே கட்டில். அக்கா தூக்கத்தில் உதைப்பாள். "இவகூட மனுஷன் தூங்குவானா?" என்று பொடிசு தினமும் புகார் சொல்வாள். இப்போது கட்டில் முழுவதும் பொடிசுக்குத்தான். ஆனால் உதை வாங்காமல் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

இருவரும் பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நடக்கும் வேதப்பாட வகுப்பில் மட்டும்தான். அதுவும் இனி கிடையாது. பெரியப்பா தன் பாதிக் கடையை விட்டுவிட்டு, ரயிலில் ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கிற ஊருக்குக் குடியேறப் போகிறார். சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்ற வண்டி வருகிறது.

சண்டை வந்த கதை இதுதான். பெரிய கண்ணாடியை ஒருவரால் தூக்க முடியாது. இருவர் வேண்டும். ஒருவர் பின்பக்கமாகவே நடப்பார். அவருக்கு வழி தெரியாது. எதிரில் பிடித்திருப்பவர்தான் அவருக்குக் கண். "படி", "திரும்பு", "நில்லு" என்று இவர் சொல்லச் சொல்ல அவர் காலை எடுத்து வைப்பார்.

அன்றைக்கு முடிதிருத்தும் கடைக்கு ஒரு பெரிய கண்ணாடி. பின்பக்கமாக நடந்தவர் பெரியப்பா. வாசல்படியில் கால் இடறியது. கண்ணாடி சுக்குநூறு.

"படின்னு நீ சொல்லவே இல்ல!"

"சொன்னேன்ணே! உங்களுக்குத்தான் காது கேக்கல!"

"ஐம்பது வயசு ஆளுக்கு நீ சொல்லிக் குடுக்கிறியா?"

"எனக்கும் நாப்பத்தஞ்சு ஆச்சு. நான் ஒண்ணும் பச்சைக்குழந்தை இல்ல!"

இருவர் வயதையும் பொடிசு கூட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து. இவ்வளவு வயதை வைத்துக்கொண்டு ஒரு சண்டையை முடிக்கத் தெரியவில்லையே! அவளும் அக்காவும் ஒரு நாளைக்கு மூன்று சண்டை போட்டு, மூன்றையும் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார்கள்.

"பெரியப்பாகிட்ட பேசுங்கப்பா" என்று எத்தனையோ முறை கெஞ்சிவிட்டாள்.

"பெரியவங்க விஷயத்துல பொடிசு வாய் திறக்கக்கூடாது" என்பார் அப்பா. பெரியப்பாவும் அதையேதான் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

அந்த ஞாயிறு வகுப்பில் நாடக ஒத்திகை நடந்தது. துன்பப்படும் ஒரு மனிதரைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பெரியவர்கள் வாதாடுவார்கள். இளையவன் ஒருவன் கடைசிவரை பேசாமல் காத்திருப்பான். பிறகு எழுந்து, ஞானம் நரைத்த முடியோடு தானாக வந்துவிடாது, அது கடவுள் கொடுப்பது என்று சொல்வான். இளையவன் வேடம் பொடிசுக்கு. பெரியவர்களில் ஒருத்தி அக்கா. அவளுக்குப் பஞ்சு தாடி.

"அரைமணி நேரம் சும்மா உக்காரணுமாம். இதெல்லாம் ஒரு வேஷமா?" என்று பொடிசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அக்கா வாய்க்குள் போன பஞ்சைத் துப்பினாள். "சும்மா எங்கடி உக்காந்திருக்க? எல்லாரும் சொல்றதை அவன் ஒருத்தன்தான் காது குடுத்துக் கேக்குறான். மத்தவங்க எல்லாரும் பேசிக்கிட்டேதானே இருக்காங்க?"

பொடிசு யோசித்தாள்.

"நாடகத்தன்னைக்கு நான் இருக்க மாட்டேன்" என்றாள் அக்கா, தாடியைக் கழற்றியபடி. "இதை வேற யாருக்காவது குடுத்துரு."

தாடியை வாங்கிக்கொள்ளப் பொடிசுக்குக் கை வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அவள் ஜெபம் செய்துகொண்டே போனாள். "ஆண்டவரே, எனக்கு வயசாகுற வரைக்கும் காத்திருக்க நேரமில்ல. சனிக்கிழமை வண்டி வந்துரும். அதுக்குள்ள கொஞ்சம் புத்தி குடுங்க."

வெள்ளிக்கிழமை மாலை, பலகை வந்தபிறகு முதல்முறையாக, அவள் மாடியில் பெரியப்பா பக்கம் போனாள். சமாதானம் பேசவில்லை. பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பா கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அவருடைய வலது கட்டைவிரல் மடங்கவில்லை.

"விரலுக்கு என்ன ஆச்சு பெரியப்பா?"

அவர் கயிற்றைக் கீழே போட்டார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடிசு அவசரப்படுத்தவில்லை.

"அன்னைக்குக் கண்ணாடி கிழிச்சது. ஏழு தையல். சட்டையில சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கப்பன் காது கேக்கலன்னு கத்தினான். அடிபட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேக்கல. கேக்க வேண்டியவன் கேக்காதப்போ நாமளா எதுக்குச் சொல்லணும்? வீட்ல யாரும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டேன்."

பொடிசு கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அப்பா கடையில் பழைய செய்தித்தாளால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்றீங்களா? நான் நடுவுல பேச மாட்டேன்."

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார். படபடவென்று ஆரம்பித்தவர் போகப் போகக் குரலைத் தாழ்த்தினார்.

"மறுநாளே மனசு கேக்கல பொடிசு. பேசலாம்னு எதிர்ல போய் நின்னேன். கையைச் சட்டைப்பைக்குள்ள விட்டுக்கிட்டு, ஏறெடுத்தும் பார்க்காமப் போயிட்டார். ஒரு மாசம் கடைப்பக்கமே வரல. அவ்வளவு திமிர். அண்ணன்னா நான்தான் திரும்பத் திரும்பப் போய் நிக்கணுமா?"

அவர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பொடிசு வாய் திறந்தாள்.

"திமிர் இல்லப்பா. கையில ஏழு தையல். அதை மறைக்கத்தான் பைக்குள்ள விட்டிருக்கார். கட்டைவிரல் இன்னும் மடங்க மாட்டேங்குது. அடிபட்டுச்சான்னு நீங்க கேக்கவே இல்லையாம்."

அப்பா கையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கினார். "நான் கேக்கலையா?" என்றார். பிறகு அவரே சொன்னார். "கேக்கல."

சனிக்கிழமை காலை வண்டி வந்துவிட்டது. கட்டில் ஏறியது, பெட்டிகள் ஏறின, அக்காவின் துணிப்பையும் ஏறியது. அக்கா அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பொடிசுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. விசும்பிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

அப்பா வந்தார். நேரே பெரியப்பாவிடம் போனார்.

"கை எப்படிண்ணே இருக்கு?"

பெரியப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகப் பார்த்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். தழும்பை மெதுவாகத் தடவினார்.

"நான் படின்னு சொல்லலண்ணே. மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, வாயால சொன்னதா நெனச்சுட்டேன்."

பெரியப்பாவின் கண் கலங்கியது. "இல்லடா. நீ சொன்ன. நான்தான் வேற நெனப்புல இருந்தேன்."

"இல்லண்ணே, சத்தியமா சொல்லல."

"நீ சொன்னேங்கிறேன்! என் காதுக்குத் தெரியாதா?"

"தப்பு என்னுதுண்ணே!"

"என்னுதுடா! பெரியவன் சொல்றேன், கேளு!"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, சாமானை ஏத்தணுமா, இறக்கணுமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

இருவர் காதிலும் அது விழவில்லை. தொண்ணூற்றைந்து வயதும் சேர்ந்து முடிவெடுக்கும்வரை நிற்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. வண்டியில் தாவி ஏறித் தன் துணிப்பையைத் தூக்கி, கீழே நின்ற பொடிசின் கையில் போட்டாள்.