எருக்குழிக் காளான்

ராத்திரி இடித்த இடிக்கு வையம்பட்டிப் புற்றுகளில் காளான் முளைத்திருந்தது. வள்ளிக்கண்ணு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் யார் யாரோ முந்திக்கொண்டார்கள். கூடையில் பாதிதான் நிறைந்தது.

திருச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா அன்று லீவில் வந்திருந்தார். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காளான் குழம்பு என்றால் அவருக்கு உயிர். அரைக்கூடை எந்த மூலைக்குக் காணும்?

வழியில் எருக்குழி ஓரம் வெள்ளை வெளேரென்று சில காளான்கள் நின்றன. வள்ளிக்கண்ணு அவற்றையும் பிடுங்கிக் கூடையில் கலந்துவிட்டாள்.

"அடேயப்பா! எல்லாம் புத்துக் காளான்தானே?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

அம்மா அலசி, அரிந்து, மிளகு அரைத்துக் குழம்பு வைத்தாள். வாசம் தெருமுனை வரை போயிற்று. அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"புத்துக் காளானுக்கு வேரு ஆழமா போகுமே. தோண்டித் தோண்டி விரலெல்லாம் வலிச்சிருக்குமே, தாயி?" என்றார்.

வள்ளிக்கண்ணுக்குத் திக்கென்றது. எருக்குழிக் காளானுக்கு அப்படி வேரே இல்லை. தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

"அப்பா, சாப்பிடாதீங்க!"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அரிஞ்சு போட்டாச்சேடி! இனிமே எது நல்லது, எது விஷ நாய்க்குடைன்னு எப்படிப் பிரிக்கிறது?"

"எல்லாமே நல்லதா இருந்தா?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"இருக்கலாம். அதுக்காகத் தின்னு பாக்க முடியுமா?"

வள்ளிக்கண்ணுவே குழி தோண்டினாள். குழம்பை அதில் கொட்டி, கோழி கிளறாதபடி மண்ணால் மூடி மிதித்தாள். மிதிக்க மிதிக்கக் கண்ணீர் வந்தது. அரைக்கூடையோடு வந்திருந்தால் அப்பா இந்நேரம் விரலைச் சப்பிக்கொண்டிருப்பார்.

அப்பா வேறு தட்டில் மோர்ச் சோறும் வெங்காயமும் சாப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

பஸ் நிற்கும் இடம் வரை அவர் பையைச் சுமந்து போனாள்.

"வயிறு நிறைஞ்சுதாப்பா?"

"நிறையாம? குழம்பு வாசத்தைத் தொட்டுக்கிட்டே ரெண்டு உருண்டை கூட உள்ள போச்சு!"

வள்ளிக்கண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.