தூக்காத கை

மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. கல்லூரி நூலக வாசலில் போட்டிருந்த மேசையை ஒற்றை ஆளாக எப்படி உள்ளே கொண்டுபோவது? சிட்டு படிவக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனை தானாக எழுந்தது. நிமிர்ந்தால்... தொப்பலாக நனைந்த ஒருவன். இமையில் மழை சொட்டச் சொட்டச் சிரிக்கிற கண்கள்.

மேசையை உள்ளே வைத்ததும், "நீங்க எந்தக் கட்சிங்க?" என்றான்.

அவ்வளவுதான், அவளுக்குச் சுர்ரென்று வந்தது. "எந்தக் கட்சியும் இல்ல! பதினெட்டு வயசானவங்களை வாக்காளர் பட்டியல்ல சேர்க்கிறோம். யாருக்குப் போடணும்னு மூச்சு விட மாட்டோம். அது சரி... உங்க பேரைச் சேர்த்தாச்சா?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"வயசு?"

"இருபத்தொண்ணு..."

"மூணு வருஷமா என்ன கிழிச்சீங்க? உக்காருங்க!"

அவள் அதட்ட அதட்ட நல்ல பிள்ளையாக நிரப்பினான். மழை விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தான். அது அவன் கையிலேயே இருந்தது. அவளும் சொல்லவில்லை...

அடுத்த வாரம் மாணவர் மன்றத்தின் நிதிக்குழு அறைக்குள் நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு பேருக்கு நடுவே அவன்! நிதிச் செயலாளர். கல்லூரியே 'கஞ்சன்' என்று பட்டம் கட்டியிருந்த ஆள் இவன்தானா?

பட்டியல் மூட இன்னும் இருபதே நாள். படிவம் அச்சடிக்கவும், எல்லா விடுதிகளிலும் மேசை போடவும் மன்றம் உதவ வேண்டும். இல்லாவிட்டால் அவள் நடத்தும் வாக்காளர் சேர்ப்பு அமைப்பையே மூட்டை கட்ட வேண்டியதுதான். தடுமாறாமல் பேசினாள். ஓட்டெடுப்பு என்றதும் அவன் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான். ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று. முடிவு மாணவர் பொதுக்கூட்டத்துக்குத் தள்ளிப் போயிற்று.

ஒரே ஒரு கை! அதைத் தூக்க அவனுக்கு என்ன கேடு?

வீட்டில் தாய்மாமா காத்திருந்தார். ஊரறிந்த கட்சிக்காரர். "எதுக்கும்மா அலையுற? பணம் நான் தர்றேன். நோட்டீஸ் மூலையில நம்ம கொடி மட்டும் சின்னதா..."

"வேணாம் மாமா."

"சின்னதாத்தானே கேக்கறேன்?"

"கடுகளவு இருந்தாலும் கொடி கொடிதான் மாமா."

"தூக்கி வளர்த்தவர்கிட்டயே வாய் காட்டுறியா?" என்று அம்மா சீறினாள். மாமா எழுந்து போனார். சிட்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

பொதுக்கூட்டத்தில் உட்கார இடமில்லை. அவள் பேசி முடித்ததும் ஒருவன் எழுந்தான். "உங்க மாமா கட்சிக்காரர்தானே?"

"ஆமா. பணம் தர்றேன்னார். வேணாம்னுட்டேன். அதனாலதான் உங்க முன்னாடி வந்து நிக்கிறேன்."

கேட்டவன் உட்கார்ந்தான். பிறகு ஒரு கை, நாலு கை... கண்ணுக்கெட்டிய வரை கைகள்! கண் கலங்கினாலும் அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. இந்தக் கைகள் எல்லாம் தன் நேர்மைக்கு உயர்ந்தவை என்ற பெருமை நெஞ்சை அடைத்தது.

கதவோரம் அந்தக் 'கஞ்சன்' மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூட்டம் கலைந்ததும் நேரே அவனிடம் போனாள்.

"இன்னைக்கும் தூக்கலையே! அப்படி என்ன பகை என் மேல?"

"பகையா...?" அவன் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். "அன்னைக்கு நீங்க பேசினதுல ஒரு வரிகூட என் மண்டையில ஏறல. உங்க முகத்தையே பார்த்துட்டிருந்தேன். அந்த மனசோட எப்படிங்க ஓட்டுப் போடறது? 'கஞ்சன் காதலிக்கு அள்ளிக் கொடுத்துட்டான்'னு நாளைக்கு நாலு பேர் பேசினா, உங்க அமைப்புக்குத்தானே கெட்ட பேர்? அதான்..."

"யாருக்கு அள்ளிக் கொடுத்துட்டான்னு?"

அவன் காது மடல் சிவந்தது. "கா... காதலிக்கு. மழையில மேசை தூக்கின அன்னையிலேர்ந்து..."

அவள் அமைப்பின் பேர் கெடக் கூடாதென்று தன் ஆசையையே தள்ளி நிறுத்தியிருக்கிறான்! இவனையா திட்டித் தீர்த்தோம்? அரங்கம் நிறைய உயர்ந்த கைகளை விட, உயராத இந்த ஒரு கை அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எந்தப் பக்கமும் சாயாதவள்னு ஊருக்கே தெரியும்," என்றாள். "உங்க விஷயத்துல மட்டும்... என்னால முடியலைங்க."