சனிக்கிழமைத் தண்ணீர்

"வண்டியை நிறுத்துங்க! ஏங்க... மாட்டை நிறுத்துங்கன்னு சொல்லுதேன்ல!"

சிற்றாற்றின் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு கத்தினாள் ஜெபமலர். ஆடி மாதச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மழை என்று சொல்ல முடியாது... மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. குற்றால மலையை மேகம் இடுப்புவரை மூடியிருந்தது.

மாடுகள் நிற்கவில்லை. இரண்டு பீப்பாய்களை ஏற்றிய வண்டி ஆற்றில் இறங்கி, அவள் அரைமணி நேரமாகப் பார்த்துப் பார்த்துப் பறித்து ஒதுக்கியிருந்த பாசிக்கொடிகளின் மேலேயே போய் நின்றது. கலங்கிய சேறு அவள் சேலைக் கரையை நனைத்தது.

வண்டியிலிருந்து குதித்தவனைத் திட்டுவதற்காகத்தான் நிமிர்ந்தாள். அவன் கைகளைப் பார்த்ததும் வார்த்தை நின்றுவிட்டது. விரல் நுனி முதல் முழங்கை வரை நல்ல நீலம்.

"பாசிக்கா இந்தச் சத்தம் போட்டீங்க?" என்றான் அவன்.

"பாசிக்குத்தான். உங்க மாட்டுக்கு அது தீனி. எங்க மீனுக்கு அதுதான் வீடு."

"மீனுக்கு வீடா! நான் இருக்க வீடே மழைக்கு ஒழுகுது..."

"அதுக்கு மீனு என்ன செய்யும்?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்ணுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியது. கரையில் உட்கார்ந்திருந்த சொக்கம்மாள் எழுந்து வந்தாள். ஜெபமலர் வீட்டில் பதினைந்து வருடமாகத் தண்ணீர் எடுத்து, துணி துவைத்துக் கிடப்பவள்.

"ஏலே, நீ சாயப்பட்டறை ஆதித்தன்தானே? யாருகிட்ட வாயாடுதேன்னு தெரியுமா? ஒனக்குச் சாயம் முக்க நூல் குடுக்காகள்ல நூல்கடை முதலாளி... அவுக மக."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் நீலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சேலையில் சேறு பட்டபோது வராத எரிச்சல் அப்போதுதான் ஜெபமலருக்கு வந்தது. ஏன் நிறுத்தினான்? சிரித்துக்கொண்டே இருந்தால் என்ன?

"எங்க மீன்தொட்டிக் கண்ணாடியில வெள்ளையாக் கோடு விழுது," என்றாள், எதையாவது சொல்லவேண்டும் என்பதற்காக. "தண்ணி நிக்க மட்டத்துல. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

"என்ன தண்ணி ஊத்துதீங்க?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணி."

"அதான்!" அவன் முகத்தில் வெளிச்சம் திரும்பியது. "உங்க தெருக் கிணத்துத் தண்ணில சோப்பு நுரைக்குதா? பருப்பு வேகுதா? அந்தத் தண்ணில சாயம் முக்கினா நூல்ல திட்டுத் திட்டா நிக்கும். அதுக்குத்தான் நான் வாரத்துக்கு ரெண்டு நடை இங்கன வண்டி கட்டுதேன். இது அருவித் தண்ணி. நூலுக்கே ஆகாத தண்ணி மீனுக்கு மட்டும் ஆகுமா?"

"அஞ்சு வருசமா ஆகிக்கிட்டுத்தான் இருக்கு."

"இருக்கது வேற... நல்லா இருக்கது வேற. வேணும்னா வார சனிக்கிழமை ஒரு டின் கொண்டாந்து தாரேன்."

"ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, சேறு படிந்த பாசியை அள்ளித் தூக்குப்போணியில் திணித்துக்கொண்டு கரையேறினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

*

அப்பா அருமைநாயகம் கொழும்பிலிருந்து கடையைக் காலி செய்துகொண்டு தென்காசியில் இருந்த குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது, பெட்டி படுக்கையோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு ஜோடிக் கறுப்பு மீனும் வந்தன. மோலி என்று பெயர். கரிக்கட்டை போல் கறுப்பு. குட்டி போட்டுக் குட்டி போட்டு இப்போது எட்டு. நூல் வாங்க வருகிற நெசவாளிகள் கடையில் பேரம் முடித்த பிறகு வீட்டுக் கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்பா யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அந்தத் தொட்டிக்கு முன்னால் மட்டும் அவர் முகம் இளகும்.

தொட்டியின் பொறுப்பு ஜெபமலருடையது. வெள்ளிக்கிழமையே கிணற்றுத் தண்ணீரை மண்பானைகளில் நிரப்பி வைப்பாள். பித்தளை ஆகாது. சனிக்கிழமை காலையில் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, மணலில் கிடக்கும் கசடோடு கால் பங்குத் தண்ணீரை வெளியேற்றுவாள். அழுகின இலையைக் கிள்ளுவாள். பிறகு பானைத் தண்ணீரைச் சிறு செம்பால் மெல்ல மெல்ல ஊற்றுவாள். ஐந்து வருடமாக இதே வேலை. கை தானாகச் செய்யும். மனம் எங்கேயாவது போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை அது எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியும்.

பின்வாசலில் குரல் கேட்டது.

"தண்ணி..."

தகர டின்னோடு நின்றிருந்தான். தலைமுடியில் சாரல் துளிகள் உடையாமல் இருந்தன.

"வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. கடைக்கு நூல் கொண்டாந்தேன். அப்படியே..."

"அப்படியே கொல்லைப்பக்கம் வழி தெரிஞ்சிச்சாக்கும்?"

"திருப்பிக் கொண்டு போயிருதேன்."

"வச்சுட்டுப் போங்க," என்றாள் அவசரமாக. அவசரப்பட்டது தனக்கே கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன் வாசலிலேயே கேட்டான். "கோடு போயிருச்சா?"

"போயிருச்சு. கண்ணாடி பளிச்சுனு இருக்கு."

"நான்தான் சொன்னேன்லா!"

ஐந்து சனிக்கிழமைகள். ஐந்து டின்; கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் அதையே தொட்டியில் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் நாலு வார்த்தை, அதற்குமேல் இல்லை. இரண்டு பேரும் பேசாமல் நின்றுவிடுகிற நேரம்தான் நீண்டது. டின்னில் தண்ணீர் தளும்பி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் அவன் நிற்பது, திரும்பாமலே அவளுக்குத் தெரியும். திங்கள், செவ்வாய்... வாரம் ஏன் இத்தனை நாள் கொண்டதாக இருக்கிறது? சாதம் இறங்கவில்லை. தைக்க எடுத்த துணி பாதியில் கிடந்தது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள்.

கூடத்தில் மீன்களும் சரியாக இல்லை. ஆறாவது வாரத்தில்தான் அதைக் கவனித்தாள். துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், நின்ற இடத்திலேயே நடுங்கின. குளிரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி... ஞாயிற்றுக்கிழமை இரண்டு மிதந்தன. மறுநாள் நான்கு.

*

"எவ கை வச்சா தொட்டியில?"

அப்பாவின் சத்தத்தில் கடைக் கணக்குப்பிள்ளைகூட எழுந்துவிட்டார். அப்பா தொட்டியைப் பார்த்தார். பிறகு கையில் துணி சோப்போடு முற்றத்தில் நின்ற சொக்கம்மாளைப் பார்த்தார்.

"சோப்புக் கையோட பானையில தண்ணி மோந்திருக்கே."

"கர்த்தர் சாட்சியா இல்ல முதலாளி..."

"வெளிய போ. இனி இந்த வீட்டுப் பக்கம் வராதே."

சொக்கம்மாள் ஜெபமலரைப் பார்த்தாள். பின்வாசல் டின்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோப்பைக் கல்லில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். அச்சன்புதூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாக அப்புறம் தெரிந்தது.

தண்ணீரை மாற்றினது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, யார் கொண்டுவந்தது? அப்பா கொடுக்கிற நூலில்தான் அவன் பட்டறை நடக்கிறது. அதற்கடுத்த கேள்வி, அவன் ஏன் கொண்டுவந்தான்? அந்தக் கேள்விக்கு அவளால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் தன் தலையைப் பின்னிவிட்டவள் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் தெருவில் இறங்கிப் போனது, உட்கார்ந்தால் எழுப்பியது, நின்றால் நடக்கவைத்தது.

மிச்சம் இருந்த இரண்டு மீன்களையும் பழைய கிணற்றுத் தண்ணீரில், ஒரு மண்சட்டியில் விட்டுப் பார்த்தாள். முன்பு நன்றாக இருந்த தண்ணீர்தானே என்று ஒரு எண்ணம். முதல் நாள் நடுக்கம் குறைந்தது. மூன்றாம் நாள் துடுப்பு விரிந்தது.

அன்று மதியமே, ஒரு மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துக்கொண்டு மேலகரத்துச் சாயப்பட்டறைக்குப் போனாள். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஆதித்தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைகளில் சுற்றிக்கொண்டான்.

"நீங்க... இங்கன..."

"மீனு ஆறு செத்துப்போச்சு. உங்க தண்ணிதான்."

அவன் முகம் இறுகியது. "என் தண்ணியா?" இரண்டு பாட்டில்களை எடுத்தான். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கினான். ஒன்றில் நுரை பொங்கிக் கழுத்துவரை வந்தது. மற்றதில் திரிந்த பால் போல வெள்ளைத் துகள் மிதந்தது. "பாருங்க. எது நல்ல தண்ணி? நீங்களே சொல்லுங்க!"

"உங்க தண்ணிதான் நல்ல தண்ணி. நூலுக்கு."

"மீனுக்கு வேற தண்ணியா இருக்கு? குத்தாலத்துத் தண்ணி யாருக்காவது ஆகாமப் போயிருக்கா?"

ஹார்லிக்ஸ் பாட்டிலை அவன் முன் வைத்தாள்.

"இது கிணத்துத் தண்ணி. மூணு நாளா. இதுக்கு அந்தச் சுண்ணாம்புத் தண்ணிதான் ஒத்துக்கும் போல."

கறுப்பு மீன் பாட்டிலுக்குள் ஒரு சுற்று வந்தது. துடுப்பை விரித்தது. மறுபடி சுற்றியது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ... நானா?" என்றான் கடைசியில்.

"சொக்கம்மாக்காவை அப்பா வெளிய அனுப்பிட்டாங்க. அவ சோப்புக் கையால கெடுத்துட்டான்னு. நான் இன்னைக்கு அப்பாகிட்டச் சொல்லப் போறேன். உங்க நூலு போயிரும்... அதான் முதல்ல உங்ககிட்ட..."

அவன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான்.

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன்."

"எனக்காக நீங்க..."

"உங்களுக்காக இல்ல. அந்த அக்காவுக்காக." வாசலில் நின்று திரும்பினான். "நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது அன்னைக்கே பேசியிருக்கணும். நீங்க தெரிஞ்சும் பேசல. நான் தெரியாமலே ரொம்பப் பேசிட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் சுருக்கென்றது.

*

அவள் சுற்றுவழியில் வீடு சேர்ந்தபோது அவன் ஏற்கெனவே கடையில் நின்றிருந்தான். கடைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள கதவுக்குப் பின்னால் நின்றாள் ஜெபமலர்.

"அண்ணாச்சி, மீனு செத்தது சொக்கம்மாக்கா கையால இல்ல. நான் கொண்டாந்த ஆத்துத் தண்ணியால. அஞ்சு வாரம் கொண்டாந்தேன்."

"நீயா?" அப்பாவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எந்த வழியாலே கொண்டாந்த?"

"பின்வாசல் வழியா."

"பின்வாசல்ல ஒனக்கு என்னலே வேலை? ஒன்னை யாரு தண்ணி கேட்டா?"

என்ன சொன்னாலும் அவள் பெயர் வரும். அவன் தலை குனிந்து நின்றான்.

"இனி ஒனக்கு நூலு கிடையாது. போ."

கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் வந்தாள் ஜெபமலர். மூன்று நெசவாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப்பிள்ளை இருந்தார். யார் இருந்தால் என்ன...

"அவரு கொண்டாந்தாரு. வாங்கி ஊத்துனது நான்பா. சொக்கம்மாக்கா வெளிய போகும்போது வாயை மூடிட்டு நின்னதும் நான்தான்."

"எதுக்கு? நல்லா இருந்த தொட்டியில எதுக்கு ஊத்துன?"

"கண்ணாடியில கோடு விழுதுன்னு..." அந்தப் பொய்யை முடிக்காமல் நிறுத்தினாள். "இல்லப்பா. கோடு எலுமிச்சம்பழத் தோலால தேச்சாப் போயிரும். அது எனக்கு முன்னமே தெரியும். நான்தான் தேச்சு எடுத்தேன். எடுத்துட்டு, உங்க தண்ணியாலதான் போச்சுன்னு இவருகிட்டப் பொய் சொன்னேன்." ஆதித்தன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை; அப்பாவைத்தான் பார்த்தாள். "தண்ணி வேண்டாம்னு சொன்னா... அடுத்த சனிக்கிழமை வரமாட்டாருல்ல. அதுக்குத்தான்."

நெசவாளிகள் நூல் கண்டுகளைப் பார்த்தார்கள். அப்பா தராசுத் தட்டின் மேல் கை வைத்தபடி நின்றார்.

"ஏலே," என்றார் கடைசியில். "வண்டி கொண்டாந்திருக்கியா?"

"வெளிய நிக்கு, அண்ணாச்சி."

"அச்சன்புதூருக்குப் போகணும். அந்தப் பொம்பளைய வெளிய போன்னு சொன்னது என் வாய். நானே போய்த்தான் கூப்பிடணும். நூலைப் பத்தி..." அவர் மகளைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார். "நூலைப் பத்தியும் மத்ததைப் பத்தியும் அப்புறம் பேசுவோம். குடையை எடுத்துட்டு வாரேன்."

அவர் உள்ளே போனார்.

தெருவில் சாரல் வலுத்திருந்தது. ஆதித்தன் மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தான். ஜெபமலர் கடைப் படியில் வந்து நின்றாள். அப்பா குடையைத் தேடி எடுக்கும் நேரம்தான் இருந்தது.

"நீங்க பொய் சொன்னீங்கன்னா..." என்றான் அவன், மாட்டின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே, "நானும்தான். மீனைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? வறுத்துத் திங்கத்தான் தெரியும். அன்னைக்கு ஆத்துல நீங்க நனைஞ்சுக்கிட்டு நின்னீங்க... ஏதாவது பேசினா இன்னும் கொஞ்ச நேரம் நிப்பீங்கன்னு தோணுச்சு. எனக்குப் பேசத் தெரிஞ்சது தண்ணியைப் பத்தி மட்டும்தான்... அதான் பேசிட்டேன். ஆறு உயிரு போச்சு." மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மீனும் செத்திருக்காது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளே அப்பாவின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"இனிமே தண்ணி கொண்டாராதீங்க," என்றாள்.

"வேற என்ன கொண்டாரட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா வாங்க..." முகத்தில் விழுந்த சாரலைத் துடைக்காமலே சொன்னாள். "முன்வாசல் வழியா வாங்க."