அதே எண்ணில் இன்னொருத்தி

இரண்டே பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒருவர் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது.

கலைப்பிரியா திரையை மறுபடி படித்தாள். 'நீங்கள் கொடுத்த எண் இந்த நெட்வொர்க்கில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.'

எப்படி இருக்க முடியும்? வைஃபையை அணைத்தாயிற்று. வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் வயரையும் பிடுங்கியாயிற்று. மேஜைமேல் மிச்சமிருப்பது ஒரு மஞ்சள் கேபிள். ஒரு முனை ரூட்டரில், மறுமுனை கம்ப்யூட்டரில். நெட்வொர்க் என்றால் இப்போதைக்கு அவ்வளவுதான்.

சற்று முன்புதான் அவள் புருஷன் செல்வகுமார் ரயிலிலிருந்து போனில் பாடம் எடுத்தான். விழுப்புரத்தில் ரூட்டரும் கேமராவும் விற்கிற கடையில் அவனுக்கு வேலை. வீட்டு ரூட்டர் சாயங்காலமானால் செத்துச் செத்துப் பிழைத்தது. பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அதற்கு முதலில் கம்ப்யூட்டரைத் தயார்பண்ண வேண்டும்.

"கம்ப்யூட்டருக்கு நாமளே ஒரு நம்பர் குடுக்கணும் கலை, கதவு நம்பர் மாதிரி. ரூட்டரு ஒண்ணு, நீ ரெண்டு. அப்பத்தான் ரெண்டும் பேசிக்கும். அப்புறம் ஃபயர்வால நிறுத்திடு. அது இருந்தா ஃபைல வுடாது."

"நிறுத்திட்டா வேற எதுனா உள்ள வந்துடாதா?"

"மழைக்குத் தெருநாய் வேணா வரும். என்ஜினியருக்குப் படிச்சது நீயா, நானா?"

"வீட்டுக்கு வாங்க, அப்ப இருக்குது."

"விக்கிரவாண்டி தாண்டிக்கினு இருக்கேன். பாப்பா எந்திரிக்கிறதுக்குள்ள ஜல்தி முடி..."

அதற்குள் அவள் வைஃபையை அணைக்க, பேச்சும் நின்றது. திண்டிவனம் ஊரெல்லாம் டவர் எடுத்தாலும் இந்தக் கான்கிரீட் வீட்டின் பின்னறைக்குள் எடுக்காது. போனும் ரூட்டர் தயவில்தான் உயிர் வாழ்ந்தது.

ஹாலில் தூளிக்குள் பத்து மாதக் குழந்தை இளவரசி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்தால் தவழ்ந்து வந்து வயரைக் கடிப்பாள் என்றுதான் கலைப்பிரியா அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

வெளியே மழை ஓயாமல் ஒரே சுருதியில் பெய்துகொண்டிருக்க, ஜன்னலுக்கு எதிரே எண்ணெய் ஆலையின் சுவர் கறுத்து ஊறிப்போயிருக்க, நனைந்த மல்லாட்டைப் பிண்ணாக்கின் கனத்த வாசம் கம்பிகளுக்கிடையே நுழைந்து அறையெங்கும் பிசுபிசுப்பாகப் படிந்தது.

எண் இரண்டை அழித்தாள். மூன்று கொடுத்தாள்.

ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

ஏழு கொடுத்தாள். விரல் பட்டனை விட்டு எழும் முன்பே அதே செய்தி வந்தது. அவள் எங்கே போகப் போகிறாள் என்று தெரிந்து, முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தது போல.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்தாள். கம்ப்யூட்டருக்கு அவள் பெயரையே வைத்திருந்தாள். இணைந்திருக்கும் கருவிகள் என்ற இடத்தில் இரண்டு வரிகள். முதல் வரி: கலைப்பிரியா, கேபிள் வழியாக. இரண்டாவது வரி: கலைப்பிரியா, கேபிள் வழியாக.

ரூட்டரைத் திருப்பிப் பார்த்தாள். கேபிள் சொருக நான்கு துளைகள். ஒன்றில் அவளுடையது. மற்ற மூன்றும் காலி. சந்தேகம் தீர ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது துளை வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளிருந்து யாரோ ஊதுவது போல.

கையை உதறிக்கொண்டு மஞ்சள் கேபிளைப் பிடுங்கினாள்.

அவளுடைய துளையின் விளக்கு அணைந்தது. அந்த மூன்றாவது காலித் துளையின் விளக்கு பச்சையாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஹாலில் தூளியின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

பாப்பா எழுந்துவிட்டாள். புரளுகிறாள். அவ்வளவுதான் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் புரளும் குழந்தை இப்படி ஒரே சீராக ஆட்டாது. கிரீச். கிரீச். கிரீச்.

"உஸ்ஸ்... ஒண்ணுமில்லடா கண்ணு... அம்மா இருக்கேன்ல..."

அவளுடைய குரல்.

கலைப்பிரியா வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

கதவுக்குப் பாய்ந்தாள். இழுத்தாள். வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"பாப்பா!" தோளால் மோதினாள். "தொற! யாரு நீ? கதவத் தொற!"

தூளி நின்றது. குழந்தை சிரிக்கும் சத்தம். பால் கேட்கும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆலைச் சுவரைப் பார்த்துக் கத்தினாள். மழை தின்றது. கதவுக்கு வந்தாள். கத்தினாள். எவ்வளவு நேரம், தெரியாது. தொண்டை கிழிந்தது.

கேட் திறந்தது. செருப்புச் சத்தம். செல்வகுமார்!

"இன்னா கலை, முடிஞ்சுதா?"

"ஏங்க! நான் இங்க இருக்கேன்!" என்று கதவை அறைந்தாள்.

"ஆச்சுங்க," என்றது ஹாலில் இருந்த குரல். "மொதல்ல தலையத் தொடைங்க. சொட்டச் சொட்ட வந்து நிக்கிறீங்க."

"உள்ள இன்னாது சத்தம்?"

"ஜன்னல் அடிச்சிக்குது. நான் பாத்துக்கிறேன், நீங்க போய்த் துணி மாத்துங்க."

அவன் காலடி பாத்ரூம் பக்கம் போயிற்று.

கலைப்பிரியா தரையில் விழுந்து கதவிடுக்கில் கண் வைத்தாள். ஹால் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் சின்ன விரல்கள் வந்தன. பாப்பா! தவழ்ந்து வந்துவிட்டாள். கலைப்பிரியா விரல் நுனியை நீட்டி அந்தப் பிஞ்சு விரல்களைத் தொட்டாள்.

குழந்தை வீறிட்டது. கையை இழுத்துக்கொண்டது. பயந்து அழுதது.

"அங்க யாரும் இல்லடா."

குழந்தையைத் தூக்கிக்கொள்ளும் சத்தம். பிறகு ஒரு துணி கதவிடுக்கில் நுழைந்தது. அதை நிதானமாக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, ஒரு கை திணித்துக்கொண்டே வந்தது. ஆள்காட்டி விரலில் கொப்புளம். காலையில் தோசைக்கல்லில் கலைப்பிரியா சுட்டுக்கொண்ட கொப்புளம்.

அவள் தன் விரலைத் தூக்கி மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்தாள். கொப்புளம் இல்லை. ரேகைகூட இல்லை.

துணி கடைசி ஓரத்தையும் அடைத்தது.