பால்காரர் மேல் பழி

அக்கா போய் மூன்றாம் மாதம், அவள் மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அத்தான் வேலை முடிந்து வர ஏழு மணியாகும். மருந்துக்கடையில் எனக்குக் காலை வேலைதான். பள்ளி விட்டு வரும் பத்து வயதுப் பெண்ணுக்குக் கதவு திறக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் அறையில் வலித்தைல வாசம் இன்னும் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர்.

"சித்தி, கொலை விளையாட்டு விளையாடலாமா?" என்றாள் அக்கா மகள், பையைக்கூடக் கழற்றாமல்.

நானும் அக்காவும் சிறுவயதில் விளையாடிய துப்பறியும் விளையாட்டு அது. ஆறு பெயர்களைக் கொடுத்தால் யார் பிணம், யார் கொலையாளி என்று அதுவே குலுக்கிப் போடும். அறை அறையாகத் தடயம் தேடி, கடைசியில் ஒரு பெயரில் அம்புக்குறியை நிறுத்தி அழுத்த வேண்டும். படுக்கையில் கிடந்தபடி மகளோடு விளையாட அக்கா கொடுத்த பெயர்கள் அப்படியே இருந்தன. அம்மா, அப்பா, சித்தி, டாக்டர், பால்காரர், மாடி வீட்டு மாமா.

பிணம்: அம்மா.

"இப்பல்லாம் தினமும் அம்மாதான் சித்தி. முன்னாடி மாறி மாறி வரும்."

நேரம் மதியம் இரண்டு பத்து. ஆயுதம் மருந்து. தடயம், நோட்டிலிருந்து கிழிக்கப்பட்ட ஒரு தாள்.



அந்தத் தாளைக் கிழித்தவள் நான். வலிக்கான சொட்டு மருந்தைக் கொடுப்பவர் நோட்டில் நேரம் எழுத வேண்டும். அந்த நோட்டைப் போட்டதே நான்தான், மருந்துக்கடைக்காரி என்ற கெத்தில். அன்று மதிய மருந்தைக் கொடுத்து, எழுதியும் வைத்துவிட்டுத்தான் அத்தான் கிளம்பியிருந்தார். கடை முடிந்து வந்த நான், இரண்டு பத்துக்கு, நோட்டைப் பார்க்காமல் மறுபடி கொடுத்தேன். பிறகு எழுதப் போனபோது அவர் கையெழுத்து இருந்தது. ஒன்றும் ஆகாது, தூங்கட்டும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அக்காவின் மூச்சு அடங்கிவிட்டது. அத்தான் எழுதியது யார் கண்ணிலும் படாமல் தாளைக் கிழித்தேன். சாவுக்குக் காரணம் நோய்தான் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழந்தை பால்காரரை அழுத்தினாள்.

தவறு. கொலையாளி இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

ஏழு நாளும் அதே பிணம், அதே தடயம், அதே பால்காரர். வாயில்லாப் பூச்சி மனிதர் அவர். காலையில் பால் வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

எட்டாம் நாள் கேட்டுவிட்டேன். "தடயமெல்லாம் யாரைக் காட்டுதுன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியுமே. உங்களைத்தான்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் போய் உங்களைப் பிடிச்சுக் குடுப்பேனா?"

சமையலறைக்குப் போய் அழுதேன். இந்தப் பிள்ளையின் அன்பைத் திருடித் தின்றுகொண்டிருக்கிறேன். அத்தானிடம் சொன்னால் இவளை இழப்பேன். சொல்லாவிட்டால் இவள் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் அவள் பள்ளியிலிருந்து வருமுன் தனியாக உட்கார்ந்தேன். முதலில் இங்கே ஒப்புக்கொள்ளலாம், இரவு அத்தானிடம். அம்புக்குறியைச் 'சித்தி'யில் நிறுத்தினேன்.

அது டாக்டருக்கு இறங்கியது.

மேலே ஏற்றினேன். மறுபடி இறங்கியது. திரும்பவும் சித்திக்கு ஏற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

விசைப்பலகையில் கீழ்விசை தானாக அமுங்கியது. ஒருமுறை.

இன்னொரு முறை.

பால்காரர்.

தைல வாசம் என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. சிறுவயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு அம்மாவிடம் உளறப் போனால் அக்கா பின்னாலிருந்து என் வாயைப் பொத்துவாள். பழியைப் பூனை மேலோ, பக்கத்து வீட்டுப் பையன் மேலோ போட்டுவிடுவாள்.

"விடுக்கா," என்றேன் திரும்பாமல். "நான் சொல்லிடறேன்."

பெயர் தானாகவே அழுத்தப்பட்டது, திரையில் அந்த வரி வந்தது. கொலையாளி இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

ஏழு மணிக்கு அத்தான் வந்தார். குழந்தை அவர் மடியில் ஏறிக்கொண்டாள். நான் எதிரே போய் நின்றேன்.

"அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மதியம்..."

அதற்குமேல் குரல் வரவில்லை. உதட்டின் மேல் ஏதோ குளிர்ச்சியாக, இறுக்கமாக இருந்தது. எவ்வளவு முயன்றும் வாய் திறக்கவில்லை.

அத்தான் என்னையே பார்த்தார்.

"என்னம்மா, கன்னம் பூரா தைலம் அப்பியிருக்கு? தலைவலியா?"