ஆறாவது தட்டு

சாப்பாட்டு மேசையில் ஆறு தட்டுகள் இருந்தன. நேற்று வரை ஐந்து.

பச்சைமுத்து மறுபடி எண்ணினான். கணக்கில் அவன் புலியல்ல. ஆனாலும் நான்கு வருடமாகத் தினமும் துடைக்கிற தட்டுகள். நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்து காக்ஸ் டவுனில் வாழ்ந்து மறைந்த ஹோல்ட்மான் குடும்பத்தின் கட்டில், கடிகாரம், கரண்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்து, வீட்டையே மியூசியமாக்கியிருந்தார்கள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். சுவரிலிருந்த போட்டோவில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி.

நேற்று மகாளய அமாவாசை. வீட்டில் அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டு வந்தவனுக்கு, இந்தக் காலித் தட்டுகளைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பாவம், இவர்களுக்கு யார் போடுவார்கள்? டப்பாவிலிருந்த வடையைத் தட்டுக்கு ஒன்றாக வைத்து, போட்டோவுக்குக் கீழே அட்டையிலிருந்த பெயர்களைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டு, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தான். பிறகு இருமிவிட்டு உள்ளே போனான். வடை அப்படியே இருந்தது. வீணாக்குவானேன் என்று ஐந்தையும் அவனே தின்றான்.

ராத்திரி மனைவி சொர்ணம் திட்டினாள்.

"படையலை அந்த வீட்டு ஆளுங்கதான்யா சாப்பிடணும். நீ இன்னா வெள்ளக்காரனா?"

"கலர்தான் கொஞ்சம் கம்மி."

சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைப்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை.

இப்போது, ஜன்னலெல்லாம் திறந்து காலை வெயில் தரையில் கிடந்தும், வெகுநாள் பூட்டிய பெட்டியைத் திறந்ததுபோல் அறை முழுக்க ஒரு வாடை. என்றோ நின்றுபோன கடிகாரத்துக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் நெறுநெறுவென்று சத்தம். ஐந்து நாற்காலிகள் மேசையை ஒட்டியிருக்க, ஆறாவது மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இழுத்து வைத்திருந்தது.

ஆறாவது தட்டில் எண்ணெய் வட்டம். வடை அளவு.

மியூசியம் பொறுப்பாளர் வீணாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், புதுசா ஒரு பிளேட் வெச்சீங்களா?"

"ரிஜிஸ்டர்ல மொதல்லேர்ந்தே ஆறுதானே. ஃபேமிலில ஆறு பேர். ஆமா, நீங்க யாரு?"

அடுத்து வீட்டுக்குப் போட்டான்.

"சொர்ணம், நான்தான்."

"யாருங்க?"

"வெளையாடாதடி. உன் வீட்டுக்காரன்."

"ராங் நம்பருங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

குரலில் கிண்டல் இல்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

போட்டோவைப் பார்த்தான். பின்வரிசையில் ஆறாவதாக ஒருவன். அவன் போட்டிருந்த அதே காக்கிச் சட்டை. உப்பிய கன்னம். வாய் நிறைய எதையோ அடக்கியிருந்தான். சிரிப்பில்லை.

வீட்டுக்குப் போய்விட வேண்டும். நேரில் பார்த்தால் சிரித்துவிடுவாள்.

ஓடினான்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து.

அங்கே யாரோ காத்திருந்தார்கள். மூச்சு கேட்டது. பிறகு ஒரு இருமல்.

திரும்பினான்.

ஐந்து நாற்காலிகளும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.